எல்லைக்கோடும் என் தமையனாரும்

நமது கல்லூரியின் ஜூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தரல் வேண்டும் என்று மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபொழுது, யான் மாணவனாக இருந்த காலத்து ஆசிரியப் பெருமக்களைப் பற்றியோ, விடுதிச்சாலையின் காலைக் கஞ்சியைப் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை என்னினும் சுவைபட எழுதவல்ல அன்பர் பலர் உளர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கல்லூரியில் இரசாயனம் கற்பித்த யான், என் சொந்தக் குருதியைக் கொண்டு காலந்தாழ்த்திக் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை ஈண்டு எழுதத் துணிகின்றேன். விழா மலருக்கு ஏற்ற மங்களகரமான பொருளன்று என எவரேனும் முகஞ்சுளிப்பின் பொறுத்தருள்க.

2022ஆம் ஆண்டு மாசி மாதத்திற் பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரி மண்டபத்தில் ஒரு மருத்துவ முகாம் நடத்தினர். காலை ஆறு மணிக்கே வெறுவயிற்றோடு சென்று வரிசையில் நின்றோம். அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் என்னோடு நின்று அம்மைப்பால் குத்திக்கொண்ட நண்பர் இருவர் அன்றும் எனக்கு முன்னே நின்றனர். அன்று போலவே இன்றும் ஊசியைக் கண்டதும் ஒருவர் மெல்லப் பின்னுக்குப் போனார். நான்காம் நாள் எனக்கு ஒரு கடிதவுறை வந்தது. குருதிச் சீனி 113 என்றிருந்தது. அதன் அருகே ஒரு நட்சத்திரக் குறி. அதற்கப்பால், சாதாரண அளவு 70 முதல் 100 வரை என்ற அச்செழுத்து. வேறொன்றும் இல்லை. நோய் உண்டு என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பரீட்சைத் தாள்களில் எத்தனையோ மாணவர்களுக்கு யான் இட்ட குறி அது. அது என் பெயருக்கு நேரே கிடந்ததைப் பார்க்க உள்ளம் ஒப்பவில்லை. துண்டை மடித்துப் பஞ்சாங்கத்துள் வைத்துவிட்டேன். மனைவிக்குச் சொல்லவில்லை.

அதன் பின்னர் யான் செய்த காரியத்தை என் மாணவர் எவரும் அறியார். இன்று எல்லோரும் அறிந்து சிரிக்கட்டும். கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்திற் சென்று, அங்கு இப்பொழுது கற்பிக்கும் என் பழைய மாணவரிடம் ஏதோ சாக்குச் சொல்லிச் சிறிது பெனடிக்ற்றின் கரைசலும் இரண்டு பரிசோதனைக் குழாய்களும் வாங்கி வந்தேன். வீட்டுக் குசினியில், மனைவி கோயிலுக்குச் சென்றிருந்த வேளையில், அந்த நீலக் கரைசலில் எட்டுத்துளி சிறுநீரை விட்டுக் கொதிநீரில் வைத்தேன். சீனி இருப்பின் நீலம் பச்சையாகும். மேலும் இருப்பின் மஞ்சளாகும். மிகுந்திருப்பின் செங்கல் நிறத்தில் வீழ்படிவு இறங்கும். எத்தனை வகுப்புகளுக்கு இதனைச் செய்து காட்டியிருப்பேன்! ஐந்து நிமிடம் சென்றும் நீலம் நீலமாகவே நின்றது. இரசாயனம் என்னைக் கைவிடவில்லை என்ற களிப்போடு குழாயைக் கழுவி வைத்தேன்.

ஆயினும் அந்த நட்சத்திரம் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. சிவராத்திரி வந்தது. பகல் முழுவதும் உபவாசமிருந்து, இரவு நான்கு சாமமும் கண்விழித்து, மறுநாட் காலை பாரணை பண்ணுமுன்னர், அயலூரில் ஒரு தனியார் இரத்தம் சேகரிக்கும் இடத்தில் கையை நீட்டினேன். பதினொரு மணியளவில் வாகனம் வந்து குழாய்களை நகரத்துக்கு ஏற்றிச் செல்லும் என்றார்கள். மாலையில் விடை வந்தது: 98. நட்சத்திரம் இல்லை! அந்தத் துண்டை மட்டும் மனைவிக்குக் காட்டினேன்.

இவ்விடத்தில் என் அயலவரான இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர் ஒருவரைப் பற்றியும் சொல்லிவிடுதல் நன்று. அவர் வேறோர் ஆய்வுகூடத்திற் சோதித்துக்கொண்டு வந்து, "மாஸ்டர், எனக்கு ஆறு தசம் இரண்டு மட்டுமே! உங்களைப்போல நூறு கணக்கில் இல்லை" என்று வேலிக்கு மேலால் உரக்கச் சொன்னார். குளுக்கோசின் மூலக்கூற்று நிறை 180. ஆதலின் லீற்றருக்கு எத்தனை மில்லிமூல் என்று எழுதப்பட்ட எண்ணைப் 18 ஆற் பெருக்கினால் நூறு மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற எண் வரும். அவருடைய 6.2 என்பது ஏறக்குறைய 112. வேலிக்கு இப்பாலிருந்து இக்கணக்கை அவருக்கு விளக்கியபொழுது அவர் முகம் போன போக்கைக் கண்டு யான் மகிழ்ந்தேன் என்பதை மறைத்துப் பயனில்லை.

சித்திரை மாதம், நம் கல்லூரியில் என்னிடம் படித்து இன்று வைத்திய நிபுணராக விளங்கும் ஒருவர், தமது புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வந்தார். தேநீர் கொண்டுவந்த என் மனைவி, கூடவே பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்து அவர் கையிற் கொடுத்தார். "இதைப் பாரும் தம்பி. இவர் ஒளிச்சு வைச்சிருக்கிறார்" என்றார். எத்தனை நாட்களாக அறிந்திருந்தாரோ!

வைத்தியர் இரண்டு துண்டுகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தார். எங்கே, எப்பொழுது, எந்நிலையிற் குருதி கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீல நிறக் கதையையும் வேறு வழியின்றிச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சேர், சிறுநீரகத்தின் வாசற்படி எவ்வளவு உயரம் என்று நீங்களே எங்களுக்குப் படிப்பித்தீர்களே" என்றார். உண்மைதான். குருதியிலே சீனி ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினாலன்றிச் சிறுநீரகம் அதனைச் சிறுநீரில் வழிய விடுவதில்லை. 113 உடையவனுக்கும் 150 உடையவனுக்கும் பெனடிக்ற்றின் கரைசல் ஒரே நீலத்தையே காட்டும். கேட்ட கேள்விக்குக் கரைசல் பொய்யுரைக்கவில்லை; யான் கேட்டதே பிழையான கேள்வி.

98 என்ற எண்ணையும் அவர் விட்டுவைக்கவில்லை. நீண்ட உபவாசத்தின் பின் எடுத்த அளவு என் அன்றாட நிலையைக் காட்டாது என்றார். அன்றியும், குருதி குழாயினுள் சென்ற பின்னரும் அதிலுள்ள செங்குழியங்கள் உயிரோடிருந்து குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கும். அதனைத் தடுக்கும் சோடியம் புளோரைட்டுச் சேர்க்கப்படாத குழாயில், அறை வெப்பத்திலே, மணிக்கு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு வரை அளவு குறையும். நம் பங்குனி வெயிலில் இன்னும் விரைந்து குறையும். புளோரைட்டு இருப்பினும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சிறிது குறைவு ஏற்படத்தான் செய்யும். காலை ஏழு மணிக்கு எடுத்து நண்பகல் கடந்து அளக்கப்பட்ட என் குருதியில் எத்தனை மில்லிகிராம் வழியிலேயே உண்ணப்பட்டதோ? குழாயையும் பிழையையும் ஒருபுறம் வைத்தாலும், ஒருவருடைய வெறுவயிற்றுச் சீனி நாளுக்கு நாள் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு ஏறியிறங்குதல் இயல்பு. காய்ச்சல், உறக்கமின்மை, ஸ்டீரொயிட்டு மருந்து ஆகியனவும் அதனை உயர்த்தும். ஆதலின் எல்லைக்கு அருகில் நிற்கும் ஓர் எண்ணை ஒருமுறை பார்த்து அழுவதும் தவறு. மறுமுறை பார்த்துத் தேங்காய் உடைப்பதும் தவறு.

அப்படியாயின் எல்லைதான் எது என்று கேட்டேன். அவர் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார். எட்டு மணி நேரமாயினும் நீரன்றி வேறொன்றும் உட்கொள்ளாதிருந்து எடுத்த அளவு 126 அல்லது அதற்கு மேல் எனின், அஃது இன்னொரு நாளும் அவ்வாறே உறுதிப்படின், நீரிழிவு. அதற்குக் கீழே ஒரு நடுநிலம் உண்டு. அந்நடுநிலம் 110இல் தொடங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. 2003ஆம் ஆண்டு முதல் 100இலேயே தொடங்குகிறது என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் கணிப்பு. 104 உள்ள ஒருவர் ஜெனீவாவிற் சுகதேகி. கடல் கடந்து வாஷிங்டன் சென்றால் நீரிழிவின் முன்னிலை உடையவர். இதைக் கேட்டு யான் நகைத்தேன். சுகமாயிருக்கும் பல கோடி மக்களுக்கு ஒரே நாளில் ஒரு நோய்ப்பெயரைச் சூட்டுவது முறையோ என வாதிடும் வைத்தியர்களும் உளர் என்று அவரே சொன்னார். "கோடு மனிதர் கீறியது, சேர். அது நகர்ந்திருக்கிறது. 1997இல் தான் நீரிழிவின் கோட்டையே 140இலிருந்து 126க்கு இறக்கினார்கள்" என்றார்.

என் சிரிப்பு அங்கே நின்றது.

என் தமையனாரை இம்மலரை வாசிக்கும் மூத்த பழைய மாணவர் பலர் அறிவர். 1967ஆம் ஆண்டு நம் உதைபந்தாட்ட அணியின் முன்வரிசையில் இடப்பக்கம் ஆடியவர். அவருடைய இடக்காலைப் பற்றி அந்நாளில் எதிரணிக் கல்லூரிகளிலும் பேசினார்கள். 1987ஆம் ஆண்டு, அவருக்கு முப்பத்தொன்பது வயதாயிருக்கையில், காப்புறுதி ஒன்றுக்காகக் குருதி சோதித்தார். துண்டை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். வீட்டில் விஞ்ஞானம் படித்தவன் யானல்லவா? வெறுவயிற்றில் 128. அவருடைய வைத்தியர், "எல்லையில் நிற்கிறது" என்று மட்டுமே சொன்னாராம். யான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். 140 என்றிருந்தது. "அண்ணை, பயப்பட ஒன்றுமில்லை. கோட்டுக்கு இன்னும் பன்னிரண்டு கிடக்கு" என்று சொன்னேன். அவர் என் தோளிற் தட்டிவிட்டுப் போனார். அதன்பின் அவர் குருதி சோதித்ததே இல்லை. யானும் கேட்டதில்லை. காலமும் அப்படிப்பட்ட காலம். யுத்தத்தின் நடுவே சீனியை அளக்க நேரம் யாருக்கிருந்தது என்று எனக்கு நானே பல தடவை சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபொழுது அவரும் நடந்தார். மழை; சேறு; ஓரடி வைக்க ஒரு நாழிகை காத்திருக்கும் நெரிசல். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அமர்ந்து செருப்பைக் கழற்றியபொழுதுதான் இடக்கால் உள்ளங்காலில் ஆணி ஏறியிருந்ததை அவர் மனைவியார் கண்டார். தமையனாருக்கு நோகவே இல்லை. நோகாமையைக் கண்டு அன்று நாங்கள் அவருடைய உறுதியை வியந்தோம்! ஆண்டுக்கணக்காகக் குருதியிற் சீனி மிகுந்திருந்து கால் நரம்புகள் மரத்துப்போயின என்பதை எவர் அறிந்தோம்? புண் ஆறவில்லை. அடுத்த ஆண்டு தை மாதம் முழங்காலுக்குக் கீழே அக்காலை எடுத்துவிட்டார்கள். 2001ஆம் ஆண்டு அவர் காலமானார்.

கோடு இறங்கியது 1997இல். 1987இல் யான் அவருக்குச் சொன்னது அந்நாளைய புத்தகப்படி பிழையன்று. ஆயினும் புத்தகம் அன்று சொன்னதும் அவ்வளவே அன்று. எல்லைக்கருகில் உள்ளவர் மீண்டும் சோதித்தல் வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருந்திருக்கும். யான் ஓர் எண்ணை மட்டும் படித்துப் புத்தகத்தை மூடினேன். 2022இல் என் சொந்தத் துண்டையும் அவ்விதமே மடித்து வைத்தேன். வைத்தியரிடம் இதை அன்று சொல்லவில்லை. பின்னொரு நாள் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.

அதன்பின் அவர் சொன்னபடியெல்லாம் செய்தேன். மூன்று நாட்கள் வழமைபோற் சோறுண்ண வேண்டும் என்றார். பட்டினி கிடந்து நல்ல பெயரெடுக்க முயலலாகாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான்காம் நாட் காலை, வெறுவயிற்றிற் குருதி எடுத்தபின், 75 கிராம் குளுக்கோசை நீரிற் கரைத்துக் குடிக்கத் தந்தார்கள். இனிப்பை ஒரு தண்டனையாக அன்றுதான் அனுபவித்தேன். இரண்டு மணி நேரம் நடமாடாது அமர்ந்திருந்து மீண்டும் குருதி கொடுத்தேன். முதல் அளவு 110. இரண்டு மணியின் பின் 168. இப்பின்னைய அளவு 140க்குக் கீழ் இருப்பதே இயல்பு. 200ஐ எட்டின் நீரிழிவு. எச்.பி.ஏ.1சி என்னும் சோதனையும் செய்தார்கள். செங்குழியத்தின் ஈமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சீனியின் பங்கை அது காட்டும். செங்குழியம் ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்வதால், சென்ற இரண்டு மூன்று மாதங்களின் சராசரி அதிலே பதிந்திருக்கும். ஒரு சிவராத்திரி உபவாசத்தால் அதனை ஏமாற்ற முடியாது. 6.5 நீரிழிவின் கோடு; 5.7 முதல் 6.4 வரை நடுநிலம். எனக்கு 6.1.

இச்சோதனையும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று என்பதை என் மனைவியின் துண்டு காட்டியது. அவருக்கு 6.0 என்று வந்தது; வெறுவயிற்று அளவோ 92. வைத்தியர் அவருடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்துக் குறைவைச் சோதிக்கச் சொன்னார். குறைவு இருந்தது. இரும்புக் குறைவால் வரும் சோகையில் செங்குழியங்கள் நெடுநாள் சுற்றுவதால் இவ்வெண் பொய்யாக உயரும். குருதி இழந்தவர்க்கும், செங்குழியங்கள் விரைந்து அழிபவர்க்கும் பொய்யாகத் தாழும். நான்கு மாதம் இரும்பு மாத்திரை உண்டபின் அவருடைய எண் 5.5 ஆயிற்று. ஒளித்து வைத்தவனுக்கு உண்மையான எண்ணும், கண்டுபிடித்தவருக்குப் பொய்யான எண்ணும் வந்தது விதியின் விளையாட்டென்றே சொல்லவேண்டும்.

உடம்பினுள் நிகழ்வது என்ன என்பதையும் சிறிது கூறுவேன். சதையியிற் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள குளுக்கோசைத் தசைகளுக்குள் புகவிடுகிறது. இரவில் ஈரல் தன் களஞ்சியத்திலிருந்து அளவுக்கு மேல் சீனியை வெளிவிடாதபடியும் தடுக்கிறது. வயிற்றினுள்ளும் ஈரலிலும் கொழுப்புச் சேரச்சேர, இன்சுலின் சொல்வதை ஈரலும் தசையும் கேளாமற் போகின்றன. சதையி மேலும் மேலும் சுரந்து சில ஆண்டுகள் சமாளிக்கும், பின்னர் களைக்கும். காலையில் உண்ணாமலே எண் உயர்ந்திருப்பது பெரும்பாலும் ஈரலின் கீழ்ப்படியாமை. உண்டபின் உயர்வது பெரும்பாலும் தசையின் கீழ்ப்படியாமை. என்னிடம் இரண்டும் இருந்தன. நம் தெற்காசிய மக்களுக்கு இதில் ஒரு கெட்ட காலமும் உண்டு: உருவத்தில் மெலிந்தவராய்த் தோன்றினும் வயிற்றிற் கொழுப்பு மிகுந்திருக்கும். ஆதலால் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சதமமீற்றருக்கும், பெண்களுக்கு 80க்கும் மேற்படலாகாது என்பர். அன்று எனக்கு 98.

இலங்கையில் 2005–2006ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, வளர்ந்தோருள் நூற்றுக்குப் பத்துப்பேருக்குச் சற்று மேல் நீரிழிவு உடையவர் என்றும், பதினொருவர்க்கு மேல் இந்நடுநிலத்தில் உள்ளனர் என்றும் கண்டது. ஐவரில் ஒருவர்! போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

நடுநிலத்தில் நிற்போர் எல்லாரும் நோயாளராதல் இல்லை. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப்பேர் அப்பால் செல்வர். ஏறக்குறைய அதே அளவினர் இப்பால் மீள்வர். நம்மவருக்கு அருகிலுள்ள சான்று தமிழ்நாட்டிலிருந்து வந்தது. சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் இத்தகைய 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்டனர். சும்மா விடப்பட்டவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடையையும் திருத்தியவருள் 39 பேரே ஆளாயினர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைத்து வாரத்துக்கு 150 நிமிடம் நடந்தவர்களிடம் ஆபத்து 58 பங்கு குறைந்தது. சென்னையில் அத்துணை குறையவில்லை என்பதைக் கண்டு மனந்தளர வேண்டா. 55 எங்கே, 39 எங்கே! மெற்போமின் என்னும் மாத்திரையும் சிலருக்குப் பயன்தரும். வயதில் இளையவராய் மிகப் பருத்தவர்க்கும், கருவுற்ற காலத்தில் நீரிழிவு வந்து போன பெண்களுக்குமே அதனை முதலில் எண்ணுவர் என்றும், எனக்கு அப்போது வேண்டியதில்லை என்றும் வைத்தியர் கூறினார்.

உணவைத் திருத்துவதில் எனக்கு நேர்ந்த பெரிய இழப்பு பனங்கட்டி. கடைச் சீனிதான் நஞ்சு, பனங்கட்டி மருந்து என்ற நம்பிக்கையில் நாளொன்றுக்கு ஐந்து முறை வெறுந்தேநீரோடு அதனைக் கடித்து வந்தவன் யான். பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசே என்பதை வகுப்பிற் கற்பித்தவனும் யானே. வகுப்பறை அறிவு நாக்குக்கு இறங்க நாற்பது ஆண்டு சென்றது. குரக்கன் பிட்டும் அவ்வாறே. நல்லதென்று நீற்றுப்பெட்டி நிறைய உண்டால் அதுவும் மாப்பொருள்தான். இடியப்பம் பத்திலிருந்து நாலாயிற்று. சோறு பாதிக் கோப்பையாகி, எஞ்சிய இடத்தை முருங்கையிலையும் வல்லாரையும் பயற்றங்காயும் பிடித்தன. முதல் மாதம் பசி, இரண்டாம் மாதம் கோபம், பிறகு பழகிவிட்டது.

நடையை வைத்தியர் வற்புறுத்தியும் யான் தட்டிக்கழித்து வந்தேன். அப்பொழுது நாட்டில் எரிபொருள் இல்லாமற் போயிற்று. 2022 ஆனி, ஆடி மாதங்களில் என் மோட்டார்ச் சைக்கிள் முற்றத்திற் கிடந்தது. கொட்டிலுக்குள் துருப்பிடித்துக் கிடந்த பழைய றலி துவிச்சக்கரவண்டியைத் துடைத்து எடுத்தேன். சந்தைக்கும் கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் அதிலேதான் போக்குவரத்து. வைத்தியராற் செய்ய முடியாததை வெறுமையான பெற்றோல் நிலையம் செய்து முடித்தது. ஐப்பசியில் எடை 74 கிலோவிலிருந்து 69 ஆயிற்று, வெறுவயிற்றுச் சீனி 101, இரண்டு மணியின் பின் 136, எச்.பி.ஏ.1சி 5.8. எரிபொருள் வந்த பின்னரும் வண்டியை விடவில்லை.

இப்பொழுது ஆண்டுக்கொருமுறை, தமையனாரின் திவசம் கழிந்த அடுத்த வாரம், குருதி கொடுக்கிறேன். விடை வந்ததும் உறையை மனைவியிடம் கொடுத்துவிடுவேன், அவர்தான் பிரிப்பார். சென்ற முறை 103 என்று வாசித்துவிட்டு, வேலிக்கப்பால் நின்ற நிலைய அதிபருக்கும் உரக்கச் சொன்னார். அவர் தம் 5.9ஐப் 18ஆற் பெருக்கிக்கொண்டு நின்றார்.